தூங்குமூஞ்சி மரத்தை மேசைப் பலகையாக அறுப்பது: செயின்சா மில் வழிமுறை

3 அடி விட்டமுள்ள தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்தால் பெரும்பாலும் அது விறகுக்குத்தான் போகிறது. சாதாரண சா மில்லில் அந்தப் பருமன் ஏறாது, 8 அடித் துண்டு ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும், அதைத் தூக்கிப்போக கிரேன் வேண்டும். ஆனால் மேசைப் பலகைக்கு அதைவிட நல்ல மரம் நம் ஊரில் குறைவு. நடுவிலுள்ள வைரம் பொன் கலந்த பழுப்பு, பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி வெளிர் மஞ்சள், இரண்டும் சேரும் இடத்தில் தெளிவான கோடு. பச்சையிலிருந்து முழுதாகக் காயும்வரை ஆரத்தின் திசையில் (மையத்திலிருந்து பட்டை நோக்கி) 2 சதவீதமும் வளையத்தின் திசையில் 3.4 சதவீதமும்தான் சுருங்கும். தேக்கில் இது 2.6, 5.3, மாமரத்தில் 3.6, 5.5. இரண்டு திசைச் சுருக்கமும் குறைவாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருப்பதால்தான் அகலப் பலகையாக அறுத்தாலும் இந்த மரம் அதிகம் முறுக்குவதில்லை.

மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியாதபோது மில்லை மரத்திடம் கொண்டுபோவதுதான் வழி. செயின்சாவின் பாரில், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டில், ஒரு சட்டகத்தை மாட்டி, தட்டையான தளத்தின்மேல் அதை நகர்த்தி, குறிப்பிட்ட கனத்தில் பலகை எடுக்கும் கருவிக்கு அலாஸ்கன் மில் என்று பெயர். கருவி எளிமையானது. அதில் வரும் பலகை நேராக இருப்பதும் கோணலாக இருப்பதும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: முதல் அறுப்பு, செயினின் கூர்மை. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அவற்றுக்கே போகிறது.

எந்த மரம், யார் மரம்

சந்தனம், செம்மரம், தேக்கு, ஈட்டி போன்றவற்றை வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை விதிகள் உண்டு. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனி. பட்டா நிலத்து மரமானாலும் வெட்டும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாலையோர மரம் அரசுடையது. ஏலத்தில் எடுத்த ரசீது கையில் இருக்க வேண்டும்.

ஏலத்தில் எடுக்கும்போது கன அடிக் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். சுற்றளவின் கால்பங்கைச் சதுரமாக்கி நீளத்தால் பெருக்குவது வியாபார வழக்கம். 3 அடி விட்டம், 8 அடி நீளமுள்ள துண்டு அந்தக் கணக்கில் சுமார் 44 கன அடி. உண்மைக் கனஅளவு 56-க்கு மேல். வித்தியாசம் பட்டைக்கும் அறுப்புச் சேதத்துக்கும் விடப்பட்டது.

சாலையோர மரத்தில் இன்னொரு தொல்லை ஆணி. விளம்பரத் தட்டி, கேபிள் கம்பி, எண் தகடு என்று பத்திருபது ஆண்டு அடித்த ஆணிகளை மரம் விழுங்கியிருக்கும். பெரும்பாலும் தரையிலிருந்து 4 முதல் 8 அடி உயரத்துக்குள் இருக்கும். மேசைக்கு நமக்கு வேண்டிய துண்டும் அதேதான். மெட்டல் டிடெக்டரைப் பட்டை உரித்தபின் சுற்றிலும் ஓட்டுங்கள். ஆழத்தில் உள்ளதை அது காட்டாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு பலகை எடுத்தபின்னும் புதிய முகத்தில் மறுபடி ஓட்டுங்கள். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கிறது என்று பொருள். மரத்துத் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. அங்கே உளியால் தோண்டி எடுத்துவிட்டுத் தொடருங்கள். ஓர் ஆணி போதும், ஒரு பக்கத்துப் பற்கள் முழுவதும் போய்விடும்.

அடிமரத்தையே எடுங்கள். பெரிய கிளை எவ்வளவு பருமனாக இருந்தாலும் மேசைக்கு வேண்டாம். சாய்ந்து வளர்ந்த மரத்தில் உள்ளே இழுவிசை அடைந்திருக்கும்; அறுக்க அறுக்கப் பலகை வில்லாக எழும்பும். விதிவிலக்கு கவை. அடிமரம் இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு கிளையின் மையமும் ஒரே பலகையில் வரும்படி அறுத்தால் தீச்சுடர் போன்ற ரேகை கிடைக்கும். அந்த இடம் காயும்போது வெடிக்கவும் அதிக வாய்ப்பு உண்டு, தெரிந்தே எடுங்கள்.

நீளம் வெட்டும்போது மேசை நீளத்துக்கு மேல் இருபுறமும் 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள். காயும்போது நுனிகள் வெடித்து அந்த அளவு போய்விடும். வெட்டிய அன்றே இரு முனையிலும் மெழுகுக் கரைசலோ மீந்துபோன எனாமல் பெயிண்டோ இரண்டு பூச்சு கனமாகப் பூசுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வெயில் காலத்தில் அதற்குள் மயிரிழை வெடிப்புகள் விழுந்துவிடும். விழுந்த வெடிப்பு பின்னால் மூடாது.

எஞ்சின், பார், செயின்

மரத்தின் குறுக்கே வெட்டுவதைவிட நீளவாக்கில் அறுப்பது எஞ்சினுக்குப் பல மடங்கு சுமை. முழு ஆக்சிலேட்டரில் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் ஓட வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி இயந்திரத்தால் 14, 15 அங்குல அகலத்துக்கு மேல் இந்த வேலை வேண்டாம். 20 அங்குலம்வரை 70 சிசி சமாளிக்கும். 30 அங்குலம்வரை 90 சிசி வேண்டும்; ஸ்டில் எம்எஸ் 661, ஹஸ்க்வர்ணா 395 ஆகியவை இந்த வகுப்பு. அதற்கு மேல் 120 சிசி அளவுள்ள எம்எஸ் 881, ஹஸ்க்வர்ணா 3120 போன்றவைதான்.

பாரின் முழு நீளமும் அறுப்புக்குக் கிடைக்காது. மில்லின் இரண்டு பிடிகளுக்கும் சேர்த்து 6 அங்குலம் போகும். 36 அங்குலப் பாரில் 30 அங்குலம் அறுக்கலாம். 36 அங்குல மரத்துக்கு 48 அங்குலப் பார் இருந்தால் வேலை நெருக்கடியில்லாமல் நடக்கும். நுனிப் பக்கப் பிடியை நுனிச் சக்கரத்தின்மேல் இறுக்காதீர்கள், பேரிங் நசுங்கிவிடும். சக்கரத்துக்கு உள்பக்கம் தள்ளிப் பிடியுங்கள்.

சாதாரணச் செயினின் பல் 25 முதல் 30 பாகை சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். அது நாரைக் குறுக்கே வெட்டுவதற்கான கோணம். நீளவாக்கில் அறுக்க 10 பாகைச் செயின் வேண்டும். தயார்ச் செயின் கிடைக்காத ஊரில் சாதாரணச் செயினையே ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாக 10 பாகைக்குக் கொண்டுவரலாம்; ஒரே நாளில் மாற்றினால் பல்லின் பாதி வீணாகும். பிட்ச் என்பது செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு: 3/8 அங்குலப் பிட்ச் செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் வட்ட அரம், .404 அங்குலப் பிட்சுக்கு 5.5 மில்லிமீட்டர். பல்லுக்கு முன்னால் இருந்து அது கடிக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ரேக்கர், பல் உச்சியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். இதைக் கண்ணளவில் செய்யாதீர்கள், கேஜ் வைத்துப் பாருங்கள். ரேக்கர் உயரமாக இருந்தால் செயின் கடிக்காது. தேவைக்கு மேல் தாழ்ந்தால் எஞ்சின் திணறி நிற்கும்.

இடது, வலது பற்கள் ஒரே நீளமாக இருப்பது மிக முக்கியம். ஒரு பக்கம் நீளமாகவோ கூர்மையாகவோ இருந்தால் பார் அந்தப் பக்கம் இழுபடும். மில்லில் பார் படுத்த நிலையில் இருக்கிறது, ஆகவே பக்கவாட்டில் போகாமல் மேலேயோ கீழேயோ ஏறி இறங்கும். பலகை அலையலையாக வரும். சட்டகத்தில் கோளாறு என்று போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் பலர். முதலில் வெர்னியர் வைத்துப் பற்களை அளந்து பாருங்கள். மிகக் குட்டையான பல் எதுவோ அதன் அளவுக்கு மற்றவற்றையும் கொண்டுவர வேண்டும்.

பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு சொல்லாதவரை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலந்து, மீதியை டேங்கில் விடாமல் வடித்துவிடுங்கள். கார்ப்ரேட்டரைச் சற்றுக் கொழுப்பாக, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி வையுங்கள். சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓட்டும்போது சத்தம் கீச்சென்று தெளிவாக இருந்தால் காற்று அதிகம். லேசாகக் கரகரத்து, மரத்தைத் தொட்டதும் சீரானால் சரி. காற்று அதிகமாக ஓடும் எஞ்சின் இந்த வேலையில் பிஸ்டன் பிடித்து முதல் நாளிலேயே போகும்.

நீளப் பாரில் இயந்திரத்தின் சொந்த ஆயில் நுனிவரை போய்ச் சேராது. 30 அங்குலத்துக்கு மேல் போனால் நுனிப் பக்கத்தில் ஒரு சிறிய டப்பாவும் குழாயும் வைத்துத் தனியாக ஆயில் சொட்டவிடுங்கள். பார் ஓரம் நீலம் பாய்ந்தால் ஆயில் போதவில்லை.

முதல் அறுப்பு

மரத்தைத் தரையில் வைத்து அறுக்க வேண்டாம். இரண்டு படுக்கைக் கட்டைகளின்மேல் ஒன்றரை அடி உயரத்தில் ஏற்றி, இரு பக்கமும் ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். அறுப்பு தொடங்கும் முனை 3, 4 அங்குலம் உயர்ந்திருந்தால் இயந்திரத்தின் எடையே அதைக் கீழ்நோக்கி நகர்த்தும், இடுப்பு பிழைக்கும். பட்டையை வாச்சியாலும் கடப்பாரையாலும் உரித்துவிடுங்கள். பட்டைக்குள் இருக்கும் மணல்தான் செயினை மழுக்கும் முதல் எதிரி, பட்டைக்கு அடியில்தான் வண்டும் குடியிருக்கும்.

உருண்டை மரத்தின்மேல் மில் உட்காரத் தளம் கிடையாது. அதற்காக 2 அங்குல அலுமினியச் சதுரக் குழாய் இரண்டை, மரத்தைவிட 2 அடி நீளமாக எடுத்து, குறுக்குச் சட்டம் போட்டு ஏணி போல் இணையுங்கள். மர ஏணி, வளையாத ரீப்பர் எதுவும் ஆகும். ஆனால் மரச் சட்டம் ஒரு மழைக்கு முறுக்கிக்கொள்ளும், அலுமினியம் அப்படியே இருக்கும்.

மரத்தின் இரு முனைகளிலும் ஒரு பலகைத் துண்டைக் குறுக்காக அடியுங்கள். இரண்டின் மேல்விளிம்பும் மரத்தின் மையத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து அளந்தால் அடி பருத்து நுனி சிறுத்த மரத்தில் ரேகை ஒரு பக்கமாக ஓடிவிடும். ரசமட்டத்தை இரண்டு பலகையிலும் குறுக்காக வைத்து ஒரே மட்டம் பாருங்கள். பிறகு ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, இந்தப் பலகையின் விளிம்பும் எதிர்ப் பலகையின் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் எதிர்விளிம்பு எட்டிப்பார்த்தால் முறுக்கு இருக்கிறது. இந்த முறுக்கு முதல் பலகையோடு நிற்காது. இரண்டாம் அறுப்பு முதல் முகத்தின்மேல் ஓடுகிறது, மூன்றாவது இரண்டாவதன்மேல். முதலில் கால் அங்குலம் கோணினால் ஒன்பதாவது பலகையும் கால் அங்குலம் கோணித்தான் வரும். இங்கே அரை மணி நேரம் செலவானால் கவலைப்படாதீர்கள்.

ஏணியை அந்தப் பலகைகளின்மேல் வைத்துத் திருகுங்கள். இரு முனையிலும் மரத்துக்கு வெளியே ஓர் அடி நீட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பார் மரத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் மில் தலை சாய்ந்து பள்ளம் விழும். நடுவில் ஏணி தொய்கிறதா என்று முனைக்கு முனை நூல் இழுத்துப் பார்த்து, தொய்ந்த இடத்தில் ஆப்பு கொடுங்கள். எல்லாத் திருகும் அறுப்பு மட்டத்துக்கு மேலேயே முடிய வேண்டும். இதை அளந்து, இன்னொருவரையும் அளக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு ஆழத்தில் முதல் அறுப்பு? கணக்கு போட்டுத் தொடங்குங்கள். 36 அங்குல விட்டத்தில் 24 அங்குலத்துக்குக் குறையாத அகலம் வேண்டுமென்றால் மையத்திலிருந்து மேலும் கீழும் 13.4 அங்குலம்வரை கிடைக்கும், அதாவது உச்சியிலிருந்து 4½ அங்குலத்தில் முதல் அறுப்பு. முடிந்த மேசை 2 அங்குலக் கனம் என்றால் 2½ அங்குலத்தில் அறுக்க வேண்டும். செயின் தின்னும் பாதை 3/8 அங்குலம். ஆகப் பலகைக்கு 2⅞ வீதம், நடுவிலுள்ள 26.8 அங்குலத்தில் 9 பலகை. ஐந்தாவது பலகையின் நடுவில் மரத்தின் மையம் வரும். அது காயும்போது நிச்சயம் வெடிக்கும். அந்தப் பலகையை மையத்தோடு பிளந்து இரண்டு குறும்பலகையாக்கிவிடுவதே நல்லது. நேர் ரேகையோடு அசையாத கட்டை கிடைக்கும், பெஞ்சுக்கும் மேசைக் காலுக்கும் ஆகும்.

அறுக்கும்போது

ஆள் இருவர் வேண்டும்: எஞ்சின் பக்கம் ஒருவர், நுனிப் பக்கக் கைப்பிடியில் ஒருவர். காது மூடி, கண்ணாடி, முகக்கவசம், கால் பாதுகாப்புக் கவசம், இரும்பு முனைக் காலணி. லுங்கியும் கழுத்துத் துண்டும் இந்த இடத்தில் ஆகாது. குனிந்து நிற்பதால் புகை நேராக முகத்துக்கு வரும். காற்று முதுகிலிருந்து வீசும்படி மரத்தைத் திருப்பி வைத்திருப்பது நல்லது. மூடிய கொட்டகைக்குள் இந்த வேலை கூடாது. செயின் ஓடும் கோட்டுக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம், அறுந்தால் அந்தத் திசையில்தான் வரும்.

எஞ்சினைச் சூடாக்கி, மில்லை ஏணியின்மேல் தட்டையாக அழுத்தி, மரத்தைத் தொடும் முன்னரே முழு வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் பக்கத்தைச் சற்று முன்னே விட்டு லேசான சாய்வில் தள்ளினால் ஒரே நேரத்தில் முழு அகலமும் கடிபடாது, சுமை குறையும். தள்ளுவது என்றால் கையைச் சாய்த்து வைப்பது மட்டும்தான். உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் செயின் மழுங்கியிருக்கிறது. தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ரவை போல் இருந்தால் சரி, மைதா போல் இருந்தால் நிறுத்தித் தீட்ட வேண்டும். மரம் புகைவதும் அதே செய்தி. ஒவ்வொரு பலகைக்கும் ஒருமுறை நாலு உரசு தீட்டுவது, முழுக்க மழுங்கவிட்டு அரை மணி தீட்டுவதைவிட லாபம்.

ஒன்றரை அடி அறுத்ததும் பின்னால் பிளவில் ஆப்பு செருகுங்கள், பிறகு ஒவ்வொரு 2 அடிக்கும் ஒரு ஜோடி. பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பு மட்டும். ஆப்பு இல்லையென்றால் பலகையின் எடை பாரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிளவு தானாகவே வாய் பிளந்தால் மரத்தில் இழுவிசை இருக்கிறது. இரண்டு பலகை எடுத்தபின் மரத்தைத் தலைகீழாகப் புரட்டி, மறுபுறம் ஏணி கட்டி எடுத்து, மாற்றி மாற்றி வந்தால் வளைவு குறையும்.

வெளியே வந்ததும் எஞ்சினைச் சட்டென்று அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓடிச் சூடு தணியட்டும். பெட்ரோல் ஊற்ற இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். சூட்டில் செயின் நீளும் என்பதால் இடையில் இறுக்கியிருப்பீர்கள். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், இல்லையேல் ஆறிச் சுருங்கும்போது பாரையும் கிராங்கையும் இழுக்கும். பலகைக்கு ஒரு டேங்க் என்று பெட்ரோல் கணக்கு வையுங்கள். நீளப் பாரை நாளுக்கு ஒருமுறை தலைகீழாக மாற்றுங்கள், தேய்மானமும் தொய்வும் இரு பக்கமும் சமமாகும்.

இரண்டாம் அறுப்பிலிருந்து ஏணி தேவையில்லை, அறுத்த முகமே தளம். அதன்மேல் கிடக்கும் தூளைத் துடைத்துவிட்டு மில்லை 2½ அங்குலத்துக்கு வையுங்கள். பிசிறு ஒன்று கிடந்தாலும் மில் அதன்மேல் ஏறும். இருந்தாலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் தாங்க ஏணியைத் திரும்ப மேலே போட்டு அறுப்பவர்கள் உண்டு, அந்தச் சிரமம் வீணல்ல. அப்போது குழாயின் கனத்தையும் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த வரிசையில் ஒவ்வொரு பலகையின் முனையிலும் எண் எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டைப் புத்தகம் போல் விரித்துச் சேர்த்தால் ரேகை கண்ணாடிப் பிம்பமாக ஒத்துவரும். எண் இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து எது எதன் ஜோடி என்று தெரியாது.

உளுவும் உலர்த்தலும்

தூங்குமூஞ்சியின் வெள்ளைப் பகுதி, மரத்தைத் துளைத்துத் தின்னும் உளுவண்டுக்கு விருந்து. ஆறு மாதத்தில் மாவாக உதிரும். அறுத்த அன்றே, மரம் ஈரமாக இருக்கும்போதே மருந்து பூச வேண்டும். போரான் உப்பு ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே பரவும். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் அமிலம் கரைத்து, கையுறையோடு எல்லா முகத்திலும் இரண்டு முறை தூரிகையால் பூசுங்கள். பிறகு மழை படக்கூடாது, கரைந்து போய்விடும். மாமரமானால் இன்னும் அவசரம்: ஈரக்காலத்தில் சில நாளிலேயே பூஞ்சைக் கறை படரும், பாலும் சிலருக்குத் தோலில் புண் உண்டாக்கும்.

2½ அங்குலக் கனத்தில் 8 அடி நீளம், 32 அங்குல அகலமுள்ள பச்சைப் பலகை ஏறத்தாழ 100 கிலோ. தூக்க நான்கு பேர். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மட்டமான படுக்கை அமைத்து, பலகைகளுக்கு இடையே 1 அங்குலக் காய்ந்த ரீப்பர்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். எல்லா அடுக்கிலும் ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று நிற்க வேண்டும், அடிக்கட்டையும் அதே கோட்டில். தள்ளி வைத்தால் மேல் எடை பலகையை அந்த இடத்தில் வளைத்துவிடும். ஈர ரீப்பர் கறை விடும். உச்சியில் சிமெண்ட் கல்லோ வேறு பாரமோ ஏற்றுங்கள்.

அறுக்க ஏற்ற காலம் வடகிழக்கு மழை ஓய்ந்த மார்கழி, தை. குளிர் நாளில் மெதுவாகக் காய்ந்து, சித்திரை வெயில் வருவதற்குள் மேல்முகம் பக்குவப்பட்டிருக்கும். கத்திரி வெயிலில் அறுத்தால் மேல்முகம் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் தங்கி, முகம் முழுக்க வெடிப்பு விழும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் ஆனி, ஆடியிலும் இதே ஆபத்து. காற்று வரும் பக்கத்தில் சாக்குப் படுதா கட்டுங்கள். தகரக் கூரைக்கு நேர்கீழேயும் அடுக்காதீர்கள்.

எப்போது காய்ந்தது? ஈரமானி இருந்தால் 12 சதவீதம்வரை காத்திருங்கள், ஏசி அறைக்குப் போகும் மேசையானால் இன்னும் கீழே. ஈரமானியின் ஊசி மேல்முகத்து ஈரத்தையே பெரும்பாலும் காட்டும் என்பதால் தராசுதான் நம்பகமானது. ஒரு பலகையை மாதத்துக்கு ஒருமுறை நிறுத்து, எண்ணுக்கு எதிரே சாக்கட்டியில் எடையையும் தேதியையும் எழுதிவாருங்கள். மழையில்லாத மாதங்களில் அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாமல் நின்றால் மட்டப்படுத்தத் தொடங்கலாம். இழைக்கும்போது இரண்டு முகத்திலும் சமமாகவே எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சீவினால் அதுவரை அசையாமல் இருந்த பலகை அன்றிரவே குழியும்.